சில்லு நம்மூரில், கருவி எங்கே?

மலாக்கா பத்து பெரண்டாமில் சில்லுத் தொழிற்சாலை இருக்கிறது. அதற்குச் சில மைல் தள்ளியுள்ள அலுவலகமும் 2021, 2022ஆம் ஆண்டுகளில் கணினிக் கருவிகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது ஏன்?

1973இல் சீமென்ஸ் அங்கே கால் பதித்தது. 1999இல் அந்தத் தொழில் இன்ஃபினியோன் என்ற தனி நிறுவனமானது. பால்மரத்தை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆலை பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. ஆனால் இங்கே பொதியிட்டுச் சோதிக்கப்படும் சில்லு இங்கே விற்பனைக்கு வருவதில்லை. முன்கூட்டியே ஒப்பந்தம் செய்த கார், மின்னணு நிறுவனங்களுக்கே அது போகிறது.

உலகில் சில்லுகளைப் பொதியிட்டுச் சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகக் கணக்கிடப்படுகிறது. 2021இல் கோவிட் தொற்றால் இன்ஃபினியோனின் மலாக்கா ஆலை சில காலம் மூடப்பட்டது. எல்லை தாண்டினால் மூவார், அங்குள்ள எஸ்.டி.மைக்ரோ ஆலையும் முடங்கியது, தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு செப்டம்பர் மாத உற்பத்தித் திட்டத்தை டொயோட்டா 40 விழுக்காடு குறைத்தது. உலகச் செய்திகள் கார்களை எண்ணின. ஆள்களைப் பற்றிக் குறைவாகவே பேசின.

ஒரு சுவிட்ச் கருவியில் நூற்றுக்கணக்கான பாகங்கள் உண்டு. சில வெள்ளி பெறும் ஒரு மின்கட்டுப்பாட்டுச் சில்லு வரவில்லையென்றால், பல ஆயிரம் வெள்ளிக் கருவி பெட்டிக்குள் ஏறாது. வந்த சொற்பமும் பெரிய வாடிக்கையாளருக்கே முதலில் பங்கிடப்படும்.

சிறு நிறுவனத்தின் பழக்கம் என்ன? மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்குக் கையெழுத்திடுவது. தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தக் குறைந்த விலை, கையில் சரக்கே இல்லாதவர் போட்ட விலையாகவும் இருக்கலாம். சரக்கு இப்போது எந்தக் கிடங்கில் இருக்கிறது, தாமதமானால் அதே தகுதியுள்ள வேறு மாடல் தருவாரா என்பதையும் முகவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். பயத்தில் இருவரிடமும் ஆர்டர் போடுவோரும் உண்டு. அந்தப் பொய்த் தேவை வரிசையை இன்னும் நீட்டும்.

வேறு பிராண்டுக்கு மாறலாமே என்பது எளிதான யோசனை. ஆனால் பழைய பிராண்டில் பழகிய பணியாளர், உரிமக் கட்டணம், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் காலைப் பிடித்து இழுக்கும். புதிதாகத் தொடங்குபவருக்குத்தான் மாறுவது சுலபம்.

2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் வன்தட்டு ஆலைகள் மூழ்கின. விலை ஏறியது மட்டுமல்ல, சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சில வகைகளுக்கு உத்தரவாதக் காலத்தையும் குறைத்தன. விலையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது பிறகுதான் கண்ணில் பட்டிருக்கும்.

2025இன் பிற்பகுதியில் முறை நினைவகச் சில்லுக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காக ஆலைகளின் கொள்ளளவு திருப்பிவிடப்பட்டதால் சாதாரண நினைவகத்தின் விலை ஏறியது. டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளருக்கான தனது குரூசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. விலை இப்படி ஓடும்போது முகவர் கொட்டேஷனை ஒரு மாதம் திறந்து வைக்கமாட்டார். நிர்வாகக் கூட்டம் கூடி ஒப்புதல் தருவதற்குள் அது காலாவதியாகிவிடும்.