நடக்க ஒரு சாலை வேண்டும்

2012 ஆகஸ்ட் 4. லண்டன் ஒலிம்பிக், ஆடவர் 20 கிலோமீட்டர் நடைப்போட்டி. மலப்புறம் மாவட்டத்து கே.டி. இர்ஃபான் 1 மணி 20 நிமிடம் 21 நொடியில் பத்தாவதாக வந்தார். வயது 22. கிலோமீட்டருக்கு நான்கே நிமிடம்! நம்மில் பலருக்கு அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடவே வராது. அது தேசிய சாதனை; எட்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2021-இல் சந்தீப் குமார் ஐந்தே நொடி வித்தியாசத்தில் அதை முந்தினார். 2019-இல் ஜப்பானின் நோமி நகரில் நான்காவதாக வந்த இர்ஃபான், டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியத் தடகள வீரர் ஆனார்.

மலப்புறத்துக்கு அடுத்த மாவட்டம் பாலக்காடு. அங்கிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் எலப்புள்ளி. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப்புறம். கால் வலிமைக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. 1,500 மீட்டரில் 2017-லும் 2019-லும் ஆசிய சாம்பியனான பி.யு. சித்ரா, முண்டூர்ப் பெண். இடுக்கியிலிருந்து இங்கே வந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்றார். கேரளப் பள்ளி விளையாட்டு விழாவில் 3 கி.மீ., 5 கி.மீ. நடைப்போட்டிகளும் உண்டு. பள்ளி முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் எங்கே போய் நடப்பது?

பணம், பயிற்சியாளர், அரசு வேலை இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் என் கவலை சாலையைப் பற்றியது.

நடைப்போட்டியில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னே வைக்கும் கால், குதிகால் தரை தொட்ட கணத்திலிருந்து உடல் அதன் மேல் நிமிரும் வரை முழங்கால் மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் சுழன்று கொடுக்கும். நடுவர்கள் வழியெங்கும் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் மஞ்சள் அட்டை காட்டுவார்கள்: அலைக்கோடு என்றால் கால் தரையை விட்டது, மடிந்த கோடு என்றால் முழங்கால் மடங்கியது. தவறு உறுதியானால் சிவப்பு அட்டை; அது மூன்று சேர்ந்தால் 20 கி.மீ.யில் இரண்டு நிமிடம் ஓரமாக நிற்க வேண்டும். நான்காவது வந்தால் வெளியே.

இந்த நுணுக்கத்தை லாரி ஓடும் சாலையின் ஓரத்தில் எப்படிப் பழகுவது? ஓரம் சரிந்திருக்கும், ஒரு கால் மேட்டில், மறுகால் பள்ளத்தில். அப்படியே மாதக்கணக்கில் நடந்தால் இடுப்பும் முழங்காலும் தப்பாகப் பழகிவிடும். பின்னால் ஹாரன் கேட்டால் அடி தடுமாறும். விடிந்த பிறகு போகலாம் என்றால், பாலக்காட்டுக் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மைதான ஓடுதளத்தில் 20 கி.மீ. என்றால் ஐம்பது சுற்று, அத்தனையும் இடப்பக்கமே திரும்பி. பெரிய போட்டிகளோ சாலையில்தான்.

வெயிலின் கடுமையை டோக்கியோ அறிந்திருந்தது. நடைப்போட்டிகளை வடக்கே சப்போரோவுக்கே மாற்றினார்கள். அங்கும் புழுக்கம்தான். இர்ஃபான் 51-ஆவது. அதே போட்டியில் தங்கம் வென்றவர் இத்தாலியின் மாசிமோ ஸ்டானோ. மறுநாள் பெண்கள் தங்கமும் இத்தாலியின் அந்தொனெல்லா பல்மிசானோவுக்கு. இருவரும் தெற்கே புலியா பகுதிக்காரர்கள். இத்தாலிக்கு இது நேற்று வந்த பழக்கமல்ல. 1920-லேயே ஊகோ ஃப்ரிஜேரியோ இரண்டு தங்கம் வாங்கினார். 1980 மாஸ்கோவில் வென்ற மவுரித்சியோ டமிலானோ, பிறகு சலூட்சோ என்ற சிறு நகரில் நடைக்கென்றே பயிற்சி மையம் வளர்த்தார். பெருநகரம் வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எலப்புள்ளி சுற்றுவட்டாரத்தில் செலவு வைக்காத ஒரு வேலை இருக்கிறது. வாகனம் குறைந்த, சமதளமான ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலையைத் தேர்ந்தெடுங்கள். டேப் பிடித்து அளந்து, நூறு மீட்டருக்கு ஒரு வெள்ளைக்கோடு போடுங்கள். காலை 5 முதல் 7 வரை இரு முனையிலும் தடுப்பு வையுங்கள். ஊராட்சிகளும் பள்ளிகளும் மனது வைத்தால், வரும் கோடைக்குள் முடித்துவிடலாம்.