முறுக்கினாலும் இழுக்காதது ஏன்?

கீரமங்கலம் பூச்சந்தைக்குப் பூமூட்டை ஏற்றிவரும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இன் இன்ஜின் 99.7 சிசிதான். ஏற்றும் சுமை அதைப் பார்ப்பதில்லை. "முறுக்கினா இழுக்கல" என்று வண்டி மெக்கானிக்கிடம் வருவதில் வியப்பில்லை.

முதலில் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் முழுதாக எரிய, எடையளவில் 1 பங்குக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். தூசி ஏர் ஃபில்டரை அடைத்தால், பழைய கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை வரும். கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டில் அழுக்குச் சிக்கினால் நேர்மாறு: பெட்ரோல் குறைந்து இன்ஜின் கொதிக்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பாதி விடை தெரியும். கரி படிந்திருந்தால் பெரும்பாலும் காற்றுக் குறை. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறை. இளம்பழுப்பு என்றால் கலவை சரி.

அப்புறமும் இழுக்கவில்லையா? இங்கேதான் பலர் வீணாகக் கார்பரேட்டரைக் கழுவுகிறார்கள். இந்த வண்டியின் கிளட்ச், இன்ஜின் வேகமெடுக்கும்போது தானே விரிந்து பிடிப்பது. அதன் ஷூ தேய்ந்தால் இன்ஜின் அலறும், வண்டி நகராது.

அலறலும் இல்லையென்றால், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். பிரேக் உரசினால் சக்கரம் சட்டென நின்றுவிடும்.