ரயிலடியும் கடைத்தெருவும்

சிற்றூர் நிலையத்தில் ரயில் இரண்டு நிமிடம் நின்றாலும் அதை நம்பிப் பிழைப்பவர் பலர். டீக்கடை, பெட்டிக்கடை, பூக்கூடைக்காரர், வண்டிக்காரர் என அந்த வரிசை நீளும். ஊருக்குள் இருக்கும் மளிகைக் கடைக்கும் அதில் பங்குண்டு. ரயிலில் வந்து இறங்குபவர் வீடு போகும் வழியில்தானே சாமான் வாங்குகிறார்!

மதுரை–போடிநாயக்கனூர் கிளைப்பாதையைப் பாருங்கள். 1928-ல் வந்த பாதை. நீளம் சுமார் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக, ஏலக்காய் வர்த்தகத்துக்குப் பெயர் பெற்ற போடியில் முடிகிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் ரயில் நின்றது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் போடி ரயிலடியில் வியாபாரமில்லை என்றால், அதை நம்பிய சிறு கடைக்காரர் எப்படித் தாக்குப்பிடிப்பார்? பஸ்ஸுக்குப் பழகிய வாடிக்கையாளர் பஸ் நிலையக் கடைக்கே போவார். அவரைத் திரும்ப அழைத்து வருவது எளிதல்ல.

பாதை போட்டுவிட்டார்கள் என்று நாம் சும்மா இருக்கலாகாது. எந்த ஊரில் ரயில் நிற்பது என்று முடிவு செய்யும்போது டிக்கெட் வசூலையும் ரயில்வே பார்க்கிறது. ஆகவே கொள்முதலுக்குப் போகும் வணிகர் ரயிலில் டிக்கெட் எடுத்துப் போகட்டும். கடைத்தெருவுக்கு ஏற்ற நேரத்தில் ரயில் வேண்டுமானால், அந்தந்த ஊர்ச் சங்கம் கையெழுத்து வாங்கிக் கோட்ட மேலாளருக்கு மனு அனுப்பட்டும். ரயில் நின்றபின் மனுக் கொடுப்பதைவிட, ஓடும்போதே ஆதரிப்பது லாபம்.