நூலைப் போல சேலையா?

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று நம் இல்லங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தேர்வில் தவறிய சிறுவனின் காதுபடவே, "அப்பன் புத்திதானே இவனுக்கும் வாய்க்கும்" என்று பேசும் உற்றாரும் உண்டு. பிள்ளையின் அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டதுதானா?

போடிமெட்டுச் சரிவில் ஏலம் பயிரிடுவோர் இதற்குப் பாதி விடை அறிவர். ஒரே தூரிலிருந்து பிரித்து நட்ட கன்றுகள் மரபில் வேறுபடுவதில்லை. ஆயினும் மரநிழலும் ஈரமும் வாய்த்த கன்று செழிக்கிறது. வெயிலில் நின்றது வாடுகிறது.

மனிதப் பிள்ளையை அவ்வாறு பிரித்து நட்டுப் பார்த்தல் இயலாது. ஆதலால் ஆராய்ச்சியாளர் இரட்டையரை நாடினர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றே. இரு கருக்களில் தோன்றியோர்க்கோ, மற்ற உடன்பிறந்தாரைப் போலச் சராசரியாகப் பாதியே பொது. இவ்விரு வகையினரையும் ஒப்பிட்டால் மரபின் பங்கையும் வீட்டின் பங்கையும் ஒருவாறு பிரித்தறியலாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் டர்க்கைமர், ஏழு வயது இரட்டையரை இவ்வாறு ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார். வசதியுள்ள குடும்பங்களில், பிள்ளைகளிடையே காணும் நுண்ணறிவு வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் மரபணுவே காரணமாயிருந்தது. வறிய குடும்பங்களிலோ வேறுபாட்டில் சுமார் 60 விழுக்காடு குடும்பச் சூழலால் விளைந்தது. மரபணுவின் பங்கு பூஜ்யத்தை நெருங்கியது! விதை நல்லதா என்று கேட்கவே வறுமை இடந்தரவில்லை. பல நாட்டு ஆய்வுகளை 2016இல் தொகுத்து நோக்கியபோது, மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு தென்படவில்லை. அங்கே ஏழைக்கும் மருத்துவமும் கல்வியும் எட்டுவது காரணமாகலாம் என்பர்.

நமக்கு அண்மையில் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார், எட்டு நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் பகுதியாக, 2010 முதல் 2012 வரை நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 251 சிசுக்களைப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தனர். குழந்தை வளர்ச்சி மருத்துவர் பீனா கோஷியும் குழுவினரும் எடையையும் உயரத்தையும் அளந்ததோடு நில்லாமல், வீட்டையும் அளந்தனர். அதற்கென ஒரு வினாப்பட்டியல் உண்டு. மழலைக்குத் தாய் மறுமொழி கூறுகிறாளா? கைக்கெட்டும் விளையாட்டுப் பொருள் இருக்கிறதா? தந்தை நாள்தோறும் பிள்ளையைச் சற்றேனும் கவனிக்கிறாரா? அடி விழுகிறதா? இவற்றில் நன்கமைந்த வீட்டுப் பிள்ளைகள் பின்னர் அறிவுத்திறன் சோதனைகளில் மேம்பட்டு நின்றனர். உயரம் குன்றியே இருந்தவர்கள் பின்தங்கினர். எல்லாருமே வறியவர்கள் என்பதை ஈண்டு மறத்தலாகாது. வறுமைக்குள்ளும் வீட்டுக்கு வீடு வேற்றுமை இருந்தது.

போடியில் இருள் பிரியுமுன் ஜீப்பில் ஏறி, மெட்டைக் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார் பலர். தோட்டங்களில் ஐம்பது பெண்கள் பணியாற்றினால் பிள்ளைகள் காப்பகம் வேண்டுமென 1951ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. காப்பகம் மலைமேல் இருப்பினும், பிள்ளை அடிவாரத்தில் அல்லவா இருக்கிறது! கூலிக்குச் செல்லும் அத்தாயைப் பழிக்க இவ்வாய்வுகள் எதிலும் இடமில்லை. ஜீப் சென்றபின் அம்மழலைக்கு 'உம்' கொட்டுபவர் பாட்டியாகவோ அங்கன்வாடி ஆசிரியையாகவோ இருக்கலாம்; வேலூர்ப் பட்டியல் தனியே பெயர் சொல்லிக் கேட்கும் அந்தத் தந்தையாகவும் இருக்கலாம்.