இரண்டாம் ஆட்டம்

மேற்கு மாம்பலத்துத் திண்ணையொன்றில் சதுரங்கம் பழகியவன் நான். அதில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டிலோ காத்திருத்தலே இல்லை; விண்வெளிப் படைகள் யாவும் ஒரே வேளையில் இயங்கும்.

1998-இல் வெளிவந்த முதற்பாகத்தில், ஒரு கட்டளைக்குப் படையில் 12 உறுப்புகளையே ஏவ இயலும். அத்தடையே கைத்திறனுக்கு உரைகல்லாயிற்று. தென்கொரியாவில் ஆட்டம் தொழிலாகவே வளர்ந்தது.

2010-இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனத்தார், படை முழுவதையும் ஒருங்கே ஏவ வழி செய்தனர். திறமைக்கு மதிப்புக் குறையுமே எனப் பழைய ஆட்டக்காரர் சிலர் அஞ்சினர். ஆதலின், பாசறையைப் பேணுவதில் புதிய பொறுப்புகளும் சேர்க்கப்பட்டன.

சதுரங்கத்திலும் ஒரு கட்டமே நகர்ந்த மந்திரி, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பேராற்றல் பெற்றதன்றோ? விதி மாறலாம், நேயர்களே. ஆடுவோனின் அறிவுக்கு வேலை குறையலாகாது.