கணிப்பொறி மொழியும் கீழ்வாயிலக்கமும்

இன்ஜினியரிங், பௌதிகம், ரசாயனம், எதைப் படித்தாலும் நம் பிள்ளைகள் இன்று ஒரு கணிப்பொறி மொழியாவது கற்றாக வேண்டியிருக்கிறது. எந்த மொழி நல்லது என்றுதான் பெற்றோர் முதலில் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. தாளில் எழுதுகிற எண்ணும், மெஷினுக்குள் போய் உட்காருகிற எண்ணும் ஒன்றுதானா? எப்போதும் அப்படி இல்லை. இதை விளங்கிக்கொள்ள நம் முன்னோர் போட்ட பின்னக் கணக்கே போதும்.

சூத்திரத்துக்கென்று பிறந்த மொழி

1957-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. 'சூத்திர மொழிபெயர்ப்பு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்தான் அந்தப் பெயர். விஞ்ஞானி தன் சூத்திரத்தை ஏறக்குறையத் தாளில் எழுதுவது போலவே எழுத முடிந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 வந்தபின் நம் நாட்டு மாணவர்களும் இதைக் கற்றார்கள். இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் தொடங்குவது பைத்தானில். கீடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்டது அது. மொழி எதுவானாலும், இன்றைய கணிப்பொறிகள் பின்னங்களை வழக்கமாக இரண்டின் கணக்கில்தான் வைத்துக்கொள்கின்றன. சிக்கல் அங்கேதான்.

அரைக்கால் முழுசாகும், இருமா ஆகாது

அரை, கால், அரைக்கால், வீசம் (1/16), அரைவீசம் (1/32) எல்லாம் பாதி பாதியாக வெட்டி வருபவை. கணிப்பொறிக்கு இவை சுத்தமாகப் பிடிபடும். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) இவற்றில் ஐந்து கலந்திருக்கிறது. எத்தனை தடவை பாதியாக வெட்டினாலும் ஐந்தில் ஒரு பங்கு வராதே!

ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியார், 'கணித சார சங்கிரக'த்தில், ஒரு பின்னத்தை மேலே ஒன்று நிற்கும் பின்னங்களாகப் பிரிக்க விதிகள் சொல்லியிருக்கிறார். கணிப்பொறி செய்வதும் ஒருவகைப் பிரிப்புதான். இருமாவை, அதாவது 0.1-ஐ, 1/16 + 1/32 + 1/256 + 1/512 என்று பிரித்துக்கொண்டே போகும். அது முடிவதில்லை. ஓரிடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். அதனால்தான் பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. மெஷின் ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம், அதன் இயல்பே அது.

கொசுறு கூடினால்

இவ்வளவு சின்ன வித்தியாசத்தால் என்ன வந்துவிடும்? 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் தடுப்பு ஏவுகணை, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை 24 இலக்கத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். தடவைக்கு ஏறத்தாழ 0.000000095 வினாடி குறைவு. 100 மணி நேரத்துக்கு 36 லட்சம் தடவை. பெருக்கிப் பாருங்கள், 0.34 வினாடி வரும். அதற்குள் ஸ்கட் 500 மீட்டருக்கு மேல் போய்விடும். திருத்திய புரோகிராம் அங்கே போய்ச் சேர்ந்தது மறுநாள்.

எப்படிக் கற்பது?

விடை தெரிந்த கணக்கோடு தொடங்கச் சொல்லுங்கள். மேலிருந்து விடும் கல் ஒரு வினாடியில் சுமார் 4.9 மீட்டர் விழும். இதைப் பத்தில் ஒரு வினாடியாகக் கூட்டிக்கொண்டே போய், 'நேரம் சரியாக 1 ஆனதும் நில்' என்று எழுதினால் புரோகிராம் நிற்காது. பத்துத் தடவை கூட்டியதும் நேரம் 0.9999999999999999, அடுத்த தடவை ஒன்றைத் தாண்டிவிடும். தடவைகளை முழு எண்ணாக எண்ணி, கடைசியில் பத்தால் வகுத்தால் சரியாக நிற்கும். பணக் கணக்கிலும் இதேதான், ரூபாயில் புள்ளி வைக்காமல் பைசாவாக எண்ணினால் வம்பில்லை. இரண்டு பின்ன விடைகளை ஒப்பிடும்போது சமமா என்று கேட்கக்கூடாது. வித்தியாசம் எவ்வளவு, அது நம் வேலைக்குத் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

கட்டளைகளை மறந்துபோனால் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். மெஷின் தந்த விடையைக் கையால் ஒருமுறை சரிபார்க்கும் பழக்கத்தைப் புத்தகம் தராது. அதைச் சின்ன வயசிலேயே வீட்டில் பழக்கிவிட வேண்டும். பாலமும் மருந்தும் ராக்கெட்டும் நாளைக்கு இந்தப் பிள்ளைகள் போடும் கணக்கை நம்பித்தான் நிற்கப்போகின்றன.