ஒரு துளிக்குள் ஒரு செல்: டென்எக்ஸ் ஜெனோமிக்ஸ் கருவியும் அதைச் சுற்றிய உரிமைப் போராட்டமும்

ஒரு மஹல்லாவில் ஆயிரம் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தனை பேரின் வருமானத்தையும் கூட்டி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு சராசரி கிடைக்கும். பார்க்கக் கௌரவமான எண்ணாகக்கூட அது இருக்கலாம். ஆனால் நேற்றிரவு அடுப்பு எரியாத வீடு எது என்று அந்த எண்ணிடம் கேட்டால் பதில் வராது. அதைத் தெரிந்துகொள்ள வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியே ஆக வேண்டும்.

உயிரியல் ஆய்வும் நெடுங்காலம் இந்தச் சராசரியை நம்பித்தான் நடந்தது. புற்றுக்கட்டியிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ ஒரு துண்டுத் திசுவை எடுத்து, மொத்தமாக அரைத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்துப் படிப்பார்கள். கிடைப்பது லட்சக்கணக்கான செல்களின் கலவைக் கணக்கு. அதில் நூறில் ஒன்றாக ஒளிந்திருக்கும் செல், மற்ற தொண்ணூற்று ஒன்பதின் இரைச்சலில் காணாமல் போய்விடும்.

இங்கே ஆர்.என்.ஏ. பற்றி ஒரு வார்த்தை. நம் உடலில் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கும் டி.என்.ஏ. ஒன்றேதான். கண்ணில் உள்ள செல்லிடமும் கல்லீரலில் உள்ள செல்லிடமும் ஒரே நூல்தான் இருக்கிறது. ஆனால் கண் ஒரு பக்கத்தைப் படிக்கிறது, கல்லீரல் வேறு பக்கத்தைப் படிக்கிறது. எந்தப் பக்கம் இப்போது படிக்கப்படுகிறது என்பதற்கான நகல் சீட்டுதான் ஆர்.என்.ஏ. ஆகவே ஒரு செல்லின் ஆர்.என்.ஏ.வைத் தனியே படித்தால், அந்தச் செல் யார், இந்த நேரத்தில் என்ன வேலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

தனித்தனிச் செல்லாகப் படிக்கும் முயற்சி முன்பே இருந்தது. ஃப்ளூயிடிம் என்ற அமெரிக்க நிறுவனம் 2012-ல் வெளியிட்ட கருவியின் சிப் ஒன்றில் 96 செல்களைப் பிடித்து வைக்கலாம். அன்றைக்கு அது பெரிய விஷயம். ஆனால் நூறில் ஒன்றாக இருக்கும் செல்லைத் தேடுபவருக்கு 96 எந்த மூலைக்கு? அதே 2012-ல், கலிஃபோர்னியாவின் ப்ளெசன்டன் நகரில் செர்ஜ் சாக்சோனோவ், பென் ஹிண்ட்சன், கெவின் நெஸ் ஆகிய மூவர் தொடங்கிய நிறுவனம்தான் டென்எக்ஸ் ஜெனோமிக்ஸ். அவர்கள் 2016-ல் சந்தைக்குக் கொண்டுவந்த 'குரோமியம்' என்ற கருவி, ஒரு சிப்பின் எட்டு வாய்க்கால்களில் எட்டு மாதிரிகளை ஒரே நேரத்தில், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான செல்களாக, சில நிமிடங்களில் பிரித்துவிட்டது. இன்று ஒற்றைச் செல் ஆய்வு என்றாலே பல ஆய்வுக்கூடங்களில் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இதன் அடிப்படை மைக்ரோஃப்ளூயிடிக்ஸ். தலைமுடியின் தடிமன் அளவுள்ள வாய்க்கால்களில் திரவத்தை ஓடவிட்டு வேலை வாங்கும் கலை என்று இதை விளங்கிக்கொள்ளலாம். நம் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் தலைக்குள் நடப்பதும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். இவ்வளவு குறுகலான இடத்தில் தண்ணீர் நமக்குத் தெரிந்த தண்ணீரைப் போல நடந்துகொள்வதில்லை. ஆற்றில் இரண்டு ஓடைகள் சேர்ந்தால் சுழித்துக் கலக்கும். நுண் வாய்க்காலில் இரண்டு ஓட்டங்களைச் சேர்த்துவிட்டால், கோடு போட்டதுபோல அருகருகே அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். ஓரத்தில் மட்டும் மெல்ல மெல்லக் கசிந்து கலக்கும். சுழல் இல்லாததால் எந்தத் துகள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதைக் கிட்டத்தட்ட கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

அந்த ஓட்டத்தின் குறுக்கே இரு பக்கமிருந்தும் எண்ணெயைச் செலுத்தினால், எண்ணெய் தண்ணீரை நெரித்து நெரித்துத் துண்டாக்கும். ஒவ்வொரு துண்டும் பரப்பு இழுவிசையால் உருண்டு ஒரு துளியாகும். எல்லாத் துளிகளும் ஏறக்குறைய ஒரே அளவு; ஒரு நானோலிட்டரை ஒட்டிய அளவு. சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழுகிற ஒரே ஒரு சொட்டை எடுத்தால், அதிலிருந்து சுமார் ஐம்பதாயிரம் இத்தகைய துளிகளை உண்டாக்கலாம். எண்ணெய் சூழ்ந்திருப்பதால் ஒன்று மற்றொன்றோடு ஒட்டுவதில்லை. அதாவது, ஒவ்வொரு துளியும் கதவு சாத்திய ஒரு சோதனைக் குழாய்.

கருவி செய்வது இதுதான். ஒரு பக்கமிருந்து செல்கள் வருகின்றன. இன்னொரு பக்கமிருந்து மிக நுண்ணிய ஜெல் மணிகள் வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எண்ணெய் குறுக்கே பாய்ந்து துளியாக்கிவிடுகிறது. துளிக்குள் போனதும் செல் உடைகிறது, மணி கரைகிறது. அந்த மணியில் லட்சக்கணக்கான டி.என்.ஏ. இழைகள் ஒட்டியிருக்கும், அத்தனையிலும் 16 எழுத்துகள் கொண்ட ஒரே அடையாளக் குறி, கடைப் பொருளின் பார்கோடு போல. அடுத்த மணிக்கு வேறு குறி. முதல் பதிப்பிலேயே இப்படிச் சுமார் ஏழரை லட்சம் வெவ்வேறு குறிகள் இருந்தன. உடைந்த செல்லின் ஆர்.என்.ஏ. அந்த இழைகளில் ஒட்டி, குறியோடு சேர்த்து நகலெடுக்கப்படுகிறது. அதன் பிறகு துளிகளை எல்லாம் உடைத்து ஒரே குழாயில் ஊற்றிவிடலாம். கலந்துபோனாலும் கவலையில்லை. வரிசை படிக்கும் இயந்திரம் படித்து முடித்ததும், ஒரே குறி உள்ளவை ஒரே செல்லிலிருந்து வந்தவை என்று கணினி பிரித்துவிடும். திருமணப் பந்தியில் கழுவ எடுத்துப் போகும் தேக்சாக்களில் அடையாளப் பெயர் வெட்டி வைப்பார்களே, அதே யோசனைதான்.

ஒரு சந்தேகம் எழலாம்: ஒரு துளிக்குள் ஒரு செல்தான் போகும் என்று யார் காவல் நிற்கிறார்கள்? யாரும் இல்லை. அது தற்செயலைப் பொறுத்தது. அதனால்தான் செல்களை மிகவும் நீர்க்கக் கலந்து அனுப்புகிறார்கள். துளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செல்லே இல்லாமல் காலியாகப் போகும். இரண்டு செல்கள் ஒன்றாக நுழைந்துவிடும் விபத்தைக் குறைக்கக் கொடுக்கும் விலை அது. பத்தாயிரம் செல்களுக்குக் குறிவைத்து ஏற்றினால், பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த பதிப்புகளில் அவற்றில் சுமார் எட்டு சதவீதம் இப்படி இரட்டையாக மாட்டிக்கொள்ளும் என்பதை நிறுவனமே தன் கையேட்டில் ஒப்புக்கொள்கிறது. மணிகளுக்கும் இதே தற்செயல் விதி பொருந்தியிருந்தால் வீணடிப்பு தாங்க முடியாததாகியிருக்கும். ஆனால் இந்த மணிகள் கடினமானவை அல்ல, மென்மையானவை. குறுகலான வாய்க்காலில் நெருக்கியடித்து, வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசலைக் கடப்பதுபோல, ஏறக்குறைய துளிக்கு ஒன்றாக நுழைகின்றன. கடின மணிகளைப் பயன்படுத்திய முறைகளில் பெரும்பாலான செல்கள் மணி இல்லாத துளியில் விழுந்து வீணாயின. டென்எக்ஸ் தொடக்கத்திலேயே செலுத்திய செல்களில் பாதியளவைப் பிடித்தது. நோயாளியிடமிருந்து ஊசி முனையளவு திசு மட்டுமே கிடைக்கும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனால் கிடைத்த பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரலில் கெட்டியான சளி தேங்கி, பிள்ளைப் பருவத்திலிருந்தே மூச்சு வாங்கும். அதற்குக் காரணமான மரபணு 1989-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த மரபணு மூச்சுக்குழாயில் எந்தச் செல்லில் முக்கியமாக வேலை செய்கிறது? ரோமங்கள் அசையும் சாதாரணச் செல்களில்தான் என்று பலரும் கருதிவந்தனர். 2018-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், துளிகளில் செல்களைப் பிரித்துப் படித்து, மூச்சுக்குழாயில் நூறில் ஒன்று என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும், அதுவரை யாரும் அங்கே அடையாளம் காணாத ஒரு செல் வகையைக் கண்டன. அயனோசைட் என்று பெயரிட்டார்கள். நோய்க்குக் காரணமான மரபணு மிக அதிகமாக வேலை செய்வது அந்த அரிய செல்லில்தான். முப்பது ஆண்டுகளாகச் சராசரிக்குள் மறைந்திருந்த வீடு அது. அந்த இரண்டு குழுக்களில் ஒன்று டென்எக்ஸ் கருவியைப் பயன்படுத்தியது. மற்றொன்று 'இன்ட்ராப்' என்ற பல்கலைக்கழக முறையை.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். துளிக்குள் செல்லை அடைத்துக் குறியிடும் வழியை டென்எக்ஸ் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. 2015 மே மாதம், குரோமியம் சந்தைக்கு வருவதற்கு முன்பே, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த இரண்டு குழுக்கள் 'ட்ராப்-செக்', 'இன்ட்ராப்' என்ற இரு முறைகளை 'செல்' ஆய்விதழின் ஒரே இதழில் வெளியிட்டன. ட்ராப்-செக் குழு எலியின் விழித்திரையிலிருந்து 44,808 செல்களைப் படித்து 39 வகைகளைப் பிரித்துக் காட்டியது. அதோடு, எந்த பம்ப் வாங்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும் என்ற முழுச் செய்முறையையும் எவரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தது.

துளியை உண்டாக்கும் அடிப்படை நுட்பம் இன்னும் பழையது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ருஸ்டெம் இஸ்மாகிலோவ் 2000-களின் தொடக்கத்தில் செய்த பணியின் காப்புரிமைகள் ரெயின்டான்ஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தன. அது 2015-ல் டென்எக்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. 2017-ல் பயோ-ராட் நிறுவனம் ரெயின்டான்ஸை வாங்கி, வழக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டென்எக்ஸ் நிறுவனர்களில் ஹிண்ட்சனும் நெஸ்ஸும் முன்பு நடத்திய குவான்டாலைஃப் நிறுவனத்தையும் 2011-ல் வாங்கியது இதே பயோ-ராட்தான். 2018 நவம்பரில் டெலவேர் நீதிமன்ற ஜூரி, டென்எக்ஸ் காப்புரிமையை மீறியது என்று கூறி சுமார் 2.4 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அடுத்த ஆண்டு விற்பனைக்கும் தடை வந்தது. ஏற்கெனவே கருவி வாங்கியிருந்த ஆய்வுக்கூடங்களின் வேலை நின்றுவிடாதபடி நீதிமன்றம் விலக்கு அளித்தது. டென்எக்ஸ் தன் சிப்பை வேறு வடிவில் அமைத்து 'நெக்ஸ்ட் ஜெம்' என்று வெளியிட்டது. 2021-ல் இரு தரப்பும் பரஸ்பர உரிமம் கொடுத்துச் சமாதானமாயின.

வழக்கில் அடிபட்டவர் அடுத்தவர் மீது மென்மையாக இருப்பார் என்று எதிர்பார்ப்பது நம் பலவீனம். திசுவுக்குள்ளேயே மரபணுக்களைப் படிக்கும் வேறொரு துறையில், நானோஸ்ட்ரிங் என்ற போட்டி நிறுவனம் மீது டென்எக்ஸ் வழக்குத் தொடுத்தது. 2023 நவம்பரில் ஜூரி 3.1 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. சில மாதங்களில், 2024 பிப்ரவரியில், நானோஸ்ட்ரிங் திவால் பாதுகாப்பு கோரியது. பிறகு புரூக்கர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. காப்புரிமை என்பது உழைத்தவனுக்கான நியாயமான பாதுகாப்பு, அதை மறுப்பதற்கில்லை. என்றாலும், விலை கொடுத்துக் கருவி வாங்கிய ஆய்வாளர், நாளை அதற்கான பொருள் வருமா வராதா என்று நீதிமன்றச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை நல்ல நிலை அல்ல.

அந்தப் 'பொருள்' என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. பிரிண்டரை ஒருமுறை விற்றுவிட்டு ஆயுள் முழுக்க மையை விற்பது நமக்குத் தெரிந்த தந்திரம். டென்எக்ஸின் வருமானத்தில் பெரும்பகுதி கருவியிலிருந்து வருவதில்லை. சிப், ஜெல் மணி, வேதிக் கரைசல் அடங்கிய தொகுப்புகளிலிருந்து வருகிறது. ஒரு சிப் ஒரே ஒரு முறைக்குத்தான். ஒரு மாதிரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் என்பதே நெடுநாள் விலையாக இருந்தது. வரிசை படிக்கும் செலவு தனி. ஜெல் மணிகளை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்பதால், தொலைவிலுள்ள நாட்டுக்கு அவை உலர் பனிக்கட்டியில் பயணப்பட்டு, சுங்கத்தில் காத்திருந்து வர வேண்டும்.

இலவசச் செய்முறை இருக்கும்போது ஏன் இவ்வளவு கொடுக்கிறார்கள்? இருக்கத்தான் செய்கிறது. நியூயார்க்கில் ஒரு குழு 2018-ல், முப்பரிமாண அச்சில் பாகங்கள் செய்து, 600 டாலருக்கும் குறைவான செலவில் துளிக் கருவியை உருவாக்கி, முடக்குவாத நோயாளிகளின் மூட்டுத் திசுவைப் படித்தும் காட்டியது. ஆனால் கைவசம் செய்த கருவியில் வாய்க்கால் அடைக்கும், அழுத்தம் மாறும், ஒரு நாள் வரும் முடிவு மறுநாள் வராது. அதைச் சரிசெய்ய ஓர் ஆராய்ச்சி மாணவரின் ஆண்டு ஒன்று கழிந்துவிடும். டென்எக்ஸ் விற்பது அந்த ஆண்டைத்தான். அது நேர்மையான சரக்கு என்பதே என் கருத்து. வசதியான ஆய்வுக்கூடம் பணத்தால் காலத்தை வாங்கிக்கொள்கிறது. வசதியற்றது காலத்தைச் செலவிடுகிறது, அல்லது அந்தக் கேள்வியையே கைவிட்டுவிடுகிறது.

கைவிடப்படும் கேள்விகள் யாருடையவை என்பதுதான் பெரிய விஷயம். மனித உடலின் எல்லாச் செல் வகைகளையும் பட்டியலிடும் 'மனித செல் வரைபடம்' என்ற பன்னாட்டு முயற்சி 2016-ல் தொடங்கியது. அத்தகைய பட்டியலில் பணக்கார நாடுகளில் கிடைத்த மாதிரிகளே நிறைந்தால், நாளைய மருந்துகள் அந்த உடல்களை அளவாக வைத்தே தைக்கப்படும். இந்தக் குறையைப் போக்க நடந்த முயற்சிகளில் ஒன்று ஆசிய நோயெதிர்ப்புப் பன்மை வரைபடம். இந்தியா, ஜப்பான், சிங்கப்பூர், தென் கொரியா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் 600-க்கும் மேற்பட்டோரின் ரத்தத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான செல்கள் படிக்கப்பட்டன. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்திய வம்சாவளியினர் என மூன்று பிரிவினரும் சேர்க்கப்பட்டனர். ஆரோக்கியமானவர்களிடையேயே, எந்த நோயெதிர்ப்புச் செல் எவ்வளவு இருக்கும் என்பது வம்சாவளி, வயது, ஆண் பெண் என்பதைப் பொறுத்து மாறுவதை 2025-ல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. ஒரு சமூகத்தின் சராசரியை மற்றொரு சமூகத்துக்கு அளவுகோலாக வைக்க முடியாது என்பதற்கு இது கண்கூடான சான்று.

விலையைப் பொறுத்தவரை, வழக்குகள் செய்யாததைப் போட்டி செய்துகொண்டிருக்கிறது. சியாட்டிலில் உள்ள பார்ஸ் பயோசயின்சஸ், துளியே இல்லாமல், செல்களை மறுபடி மறுபடி பிரித்துக் கலந்து குறியிடும் முறையை விற்கிறது. (அதன் மீதும் 2022-ல் டென்எக்ஸ் வழக்குத் தொடுத்தது.) இலுமினா நிறுவனம் 2024-ல் வாங்கிய ஃப்ளூயென்ட் பயோசயின்சஸின் முறையில், சிப்புக்குப் பதிலாகக் குழாயை வேகமாகக் குலுக்கியே துளிகளை உண்டாக்குகிறார்கள். எந்த ஆய்வுக்கூடத்திலும் மேசை மீது கிடக்கும் சாதாரணக் குலுக்கி இதற்குப் போதும். பார்ஸ் முறையில் இன்னொரு வசதி: செல்களை எடுத்த இடத்திலேயே வேதிப்பொருளால் நிலைப்படுத்தி, உறைய வைத்து, எல்லா மாதிரிகளும் சேர்ந்த பிறகு ஒரே நாளில் படிக்கலாம். டென்எக்ஸும் தன் 'ஃப்ளெக்ஸ்' தொகுப்பில் நிலைப்படுத்திய செல்களை ஏற்றுக்கொள்கிறது. முன்பு, அறுவை அரங்கிலிருந்து திசு வந்த சில மணி நேரத்துக்குள் கருவி இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டியிருந்தது. கருவி இருக்கும் ஊரில் உள்ள நோயாளிதான் ஆய்வில் இடம்பெற முடிந்தது. இப்போது மாவட்ட மருத்துவமனை ஒன்றில் எடுத்த மாதிரி, பல வாரம் கழித்து வேறு நகரத்தில் படிக்கப்படலாம்.